மூணாவது கண்ணில் விரிசல்

கீழப்படுகை
9.7.2024

அன்பு மகள் சுடர்விழிக்கு, அப்பா ரெத்தினம் எழுதுறது. இங்க நான், உன் அண்ணன் பரிதி, அண்ணி மலர்க்கொடி மூணு பேரும் சௌகரியமா இருக்கோம். மெட்ராஸ் தண்ணி உனக்கு ஒத்துக்குதா? காலையில சாப்புடாம வேலைக்கு ஓடுற பழக்கத்தை விட்டுட்டியா?

உன் கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. பரிதி அவன் போன்ல உன்னைப் புடிச்சு என் காதுல வெக்கிறான், எனக்கு ரைஸ் மில்லு ஓடுற சத்தம்தான் கேக்குது. ஆஸ்டல்ல இருந்தப்ப ஆரம்பிச்சு இன்னும் எனக்காக எழுதுறியே, அது போதும்.

வெட்டாத்துல இருக்கிற பாலமெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்குற வேலை உன் கம்பெனிக்கு வந்திருக்கு, அதுல நம்ம ஊரு பாலமும் இருக்குன்னு எழுதியிருந்தே. டீக்கடையில சொன்னேன். "பொம்பளப் புள்ள பாலத்துக்கு அடியில கயித்துல தொங்குமா?"ன்னு கேட்டாங்க. தொங்க வேணாம்யா, ஒரு சின்ன ட்ரோன் பறந்து போய் ஒவ்வொரு இடுக்கையும் படம் புடிக்கும், என் மக மணல்ல நின்னுகிட்டே ஓட்டுவான்னு சொன்னேன். ஊரான் வயல்ல நாத்து பறிச்சவன் நான். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

இன்னொரு சேதி. உன் அண்ணி முழுகாம இருக்கு. ஆறு வருசம் கழிச்சு. மூணு மாசம் தாண்டட்டும்னு உனக்கும் சொல்லல, கோவிச்சுக்காதே. குடவாசல்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுறோம்.

ஆத்துல இப்பத் தண்ணி இல்ல. வர்றதுன்னா இப்பவே வா.

உன்னை எதிர்பார்த்து,
அப்பா

*

சென்னை
29.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு, சுடர் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? அண்ணிக்கு வாந்தி நின்றதா?

ரெண்டு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்ததில் இங்கே எதுவும் இறங்கவில்லை. நீங்கள் ரெண்டு நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுமணலில் என் பின்னாலேயே நின்றீர்கள். பாலத்துக்கு அடியில் போனதும் ட்ரோனுக்கு சிக்னல் அறுந்துவிடும், கையால்தான் ஓட்ட வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? ரெண்டு தூணுக்கு நடுவில் வருகிற மூணாவது கண்ணுக்கு அடியில், தூணும் உத்தரமும் சேர்கிற இடத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தபோது மேலே ஒரு ஆட்டோ போனது. கேமராவின் மேல் பொடியாக ஏதோ உதிர்ந்தது. என்னவென்று அங்கே எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்து ஆயிரத்து எண்ணூறு படத்தையும் கம்ப்யூட்டரில் கோத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உத்தரத்தில் தூணோரமாகச் சாய்வாக ஒரு விரிசல், தபால் கார்டு நுழைகிற அகலம். கீழே கம்பி துருப்பிடித்துக் காரையைத் தள்ளியிருக்கிறது. சாய்வான விரிசல்தான் அப்பா மோசம். அது சொல்லிவிட்டு வராது.

ரிப்போர்ட்டை நேற்று அனுப்பிவிட்டேன். அதில் இருப்பது இன்னும் வெளியே வரக் கூடாது, என் வேலைக்குச் சிக்கல். அதனால் இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், அண்ணனிடமும். ஆனால் உங்கள் மகளாக ஒன்று சொல்கிறேன். நம் வீட்டு ஆள் யாரும் அந்தப் பாலத்தில் வண்டியோடு ஏறக் கூடாது. முக்கியமாக அண்ணி. யார் என்ன சொன்னாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், மேற்கொண்டு போய் ரெகுலேட்டர் மதகு வழியாக ஆற்றைத் தாண்டிச் சுற்றித்தான் போக வேண்டும். பதினாலு கிலோமீட்டர் ஆனாலும் பரவாயில்லை. எனக்கு வாக்குக் கொடுங்கள்.

மறக்காமல் மாத்திரை போடுங்கள்.
சுடர்

*

கீழப்படுகை
18.8.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. கால் வீக்கம் வத்திடுச்சு. அண்ணி இப்ப நல்லாச் சாப்புடுது.

வாக்குக் கேட்டிருந்தே. குடுத்தேன்.

ஆத்துல தண்ணி வந்துடுச்சு. போன வாரம் ஆபீஸ் ஆளுங்க வந்து பாலத்து ரெண்டு முனையிலயும் மண் அடைச்ச டிரம்மு வெச்சு, நடுவுல ஒரு வண்டி போற சந்து விட்டு, போர்டு நட்டுட்டுப் போனாங்க. டவுன் பஸ் நின்னு போச்சு. லாரி, டிராக்டர், அறுவடை மெஷின் எதுவும் போறதில்ல. ஊர்ல ஒரே புலம்பல். "ரெத்தினம் மக வந்து பறக்க விட்டுட்டுப் போச்சு, பஸ்ஸும் பறந்து போச்சு"ன்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னான். எனக்குக் காது கேக்காதுன்னு சத்தமாவே சொல்லுறான்.

காரு, ஆட்டோ எல்லாம் போயிகிட்டுதான் இருக்கு. போகட்டும். நம்ம வீட்டு ஆளு ஏறல. உரமூட்டை வாங்கக்கூட நான் சைக்கிள்ல ரெகுலேட்டர் சுத்தித்தான் போயிட்டு வந்தேன். அண்ணியை செக்கப்புக்கு ஜாஃபர் சாதிக் கார்ல அந்த வழியாவே கூட்டிப் போறோம். அந்தப் புள்ள கூத்தாநல்லூரு, பொறுமையா ஓட்டும். "பெரியவரே, பாலத்துல போனா கா மணி நேரம், எதுக்கு இப்படிச் சுத்துறீங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்கு இந்த வழிதான் புடிக்கும்னு சொல்லிட்டேன்.

நீ பத்திரமா இரு. உயரத்துல நிக்கும்போது கீழ பாக்காதே.
அப்பா

*

தேஜ்பூர், அசாம்
12.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு, சுடர். நலம்தான். அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தேனே, மார்ச் வரைக்கும் இங்கேதான் வேலை. நம் ஊர் ஆறு பத்தையும் ஒன்றாகப் போட்டாலும் இந்த ஆற்றில் ஒரு ஓரத்துக்குக் காணாது. பாலம் எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. ட்ரோன் அக்கரைக்குப் போய்வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. சில வாரம் படகிலேயே தங்கல். கடிதம் வந்து சேர பத்து, பதினைந்து நாள் ஆகும்.

அண்ணிக்கு ஆறாவது மாதம் பிறந்திருக்குமே. பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கார், ஆட்டோ போகிறதென்று எழுதியிருந்தீர்கள். போகிறவர்கள் போகட்டும் அப்பா. நீங்கள் செய்வதுதான் சரி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

ராத்திரியில் ஆற்றுக் காற்று குளிர்கிறது. நீங்கள் வாங்கித் தந்த போர்வைதான்.
சுடர்

*

கீழப்படுகை
20.10.2024

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுறது. எல்லாரும் சுகம். உனக்கு அங்க சளி புடிக்காம இருக்கா?

வியாழக்கிழமை அண்ணிக்கு வளைகாப்பு போட்டோம். நீ இல்லாத குறைதான். நாத்தனார் போட வேண்டிய வளையலை யாரு போடுறதுன்னு எல்லாரும் முழிச்சாங்க. அண்ணியே உன் பேரைச் சொல்லி ரெண்டு கையிலயும் போட்டுகிச்சு. சம்பா நட்டு முடிச்சாச்சு, பயிர் பச்சை புடிச்சிருச்சு. ஜனவரி முதல் வாரம்னு டாக்டரம்மா தேதி குறிச்சிருக்காங்க. அறுப்புக்கு முன்னாடி வீட்டுக்கு ஆள் வந்துடும்.

ஒண்ணு கேக்கணும். மழை ஆரம்பிச்சிடுச்சு. ரெகுலேட்டர் போற கரை ரோடு கொழகொழன்னு கெடக்கு. போன தடவை செக்கப்புக்குப் போறப்ப வண்டி குலுங்கி அண்ணிக்கு இடுப்பு புடிச்சிகிச்சு. "ஊரே பாலத்துல போகுது, நமக்கு மட்டும் என்னப்பா வந்துச்சு?"ன்னு பரிதி சத்தம் போடுறான். நீ யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு எழுதினதால நான் வாயைத் தொறக்கல. எனக்கு மனசு ஒப்பலன்னு மட்டும் சொன்னேன். உன்கிட்ட நேரா கேக்கலாம்ல, அதுக்கு அவனுக்கு ரோஷம்.

கடைசி மாசம் மட்டும் பாலத்து வழியா போகலாமா? மெதுவா, ஆளு ஏத்தாம? நீ போகலாம்னு எழுதினா கூட்டிப் போறேன். வேணாம்னா வேணாம். எப்படியும் சீக்கிரம் பதில் போடு.

அப்பா

*

கீழப்படுகை
5.12.2024

அன்பு மகளுக்கு,

பரிதி போன்ல சொல்லியிருப்பான். 26ஆம் தேதி குழந்தை தவறிப்போச்சு. அண்ணி உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்திருச்சு.

மழை. போய்ச் சேர நேரமாயிடுச்சு.

நீ கிளம்பி வராதே. அவ்வளவு தூரம் ரயில்ல தனியா வேணாம். வந்து செய்யறதுக்கும் ஒண்ணும் இல்ல. இங்க நான் பாத்துக்கறேன்.

அப்பா

*

தேஜ்பூர்
19.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை வரவில்லை. அண்ணி சாப்பிடுகிறாரா? ரத்தம் ஏற்றினார்கள் என்று அண்ணன் சொன்னான். அதற்குப் பிறகு நாலு முறை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கிறான், "ம்" என்கிறான், வைத்துவிடுகிறான். அண்ணியிடம் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறான். எப்போது கேட்டாலும் தூங்குகிறாள் என்கிறான்.

நேரமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் அப்பா? எந்த வழியாகப் போனீர்கள்?

நான் குவாஹாட்டியிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டேன், அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. வராதே என்று நீங்கள் இதுவரைக்கும் எனக்கு எழுதியதே இல்லை. ஏன் வரக் கூடாது? டிக்கெட்டை ரத்து செய்யவா, வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ரத்து செய்துவிட்டேன்.

உங்கள் அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அது தெரிகிறது எனக்கு.

எழுதுங்கள் அப்பா. என்ன நடந்ததோ அதை எழுதுங்கள்.
சுடர்

*

கீழப்படுகை
7.1.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். குளிரு உனக்கு எப்படி இருக்கு? காதை மூடிக்க.

பயிரு கதிர் வாங்கி நிக்குது. இந்த வருசம் புகையான் பூச்சி இல்ல. எலிதான் தொல்லை. அதனால கொஞ்ச நாளா நான் வயக்காட்டு மோட்டார் கொட்டகையிலதான் படுக்கை. கட்டிலைக் கொண்டுவந்து போட்டுகிட்டேன். சோறும் இங்கயே பொங்கிக்கிறேன். ஒத்தை ஆளுக்கு எவ்வளவு ஆகப்போகுது? எனக்கு இது சௌகரியமா இருக்கு, நீ ஒண்ணும் நெனச்சுக்காதே. தபால்காரரு இந்தப் பக்கமாத்தான் போறாரு, கடுதாசியை இங்கயே குடுத்துருவாரு. மேல் விலாசத்தை மட்டும் மாத்தாதே.

அண்ணி எழுந்து நடமாடுது. ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வருது. தூரத்துலேருந்து பாத்தேன்.

நீ கேட்டிருந்தது. மழையில எல்லா வழியும் ஒண்ணுதான். அதைப் பத்தி இப்ப எழுதி என்ன ஆகப் போகுது.

பொங்கலுக்கு நல்லா சாப்புடு.
அப்பா

*

கீழப்படுகை
3.2.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. உன் பொங்கல் கடுதாசி வந்துச்சு. அதுல நீ கேட்டதையே திரும்பவும் கேட்டிருந்தே. மூணு நாலு தாளு எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நம்ம பாலத்துக்குப் பளு சோதனை வெச்சாங்க. உன் கூட வேலை பாக்குற ஹுமைராதான் ட்ரோன் ஓட்டுச்சு. என்னைப் பாத்ததும், "நீங்க சுடரோட அப்பாவா?"ன்னு கையைப் புடிச்சிகிச்சு. ஒரு டிப்பர் லாரியை மூணாவது கண்ணு மேல காலியா நிறுத்தினாங்க. அப்புறம் பாதி மணல். அப்புறம் முழுசு. அப்புறம் இன்னொரு லாரி, அதுவும் முழுசு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சு. ட்ரோன் அடியில போயிப் போயி வந்துச்சு. நான் கரையில நின்னு பாத்துகிட்டே இருந்தேன். ஊரும் நின்னுச்சு. பரிதி எதிர்க்கரையில நின்னான். அவன் பாலத்தைப் பாக்கல. என்னையே பாத்துகிட்டு நின்னான்.

நவம்பர் 26ஆம் தேதி காலையில பத்து மணி இருக்கும். மழை அடிச்சு ஊத்துது. அண்ணி அடுப்படியில உக்காந்துடுச்சு. சேலையெல்லாம் ரத்தம். ஜாஃபர் சாதிக் பத்து நிமிசத்துல வந்துட்டாரு. நான் முன்னாடி உக்காந்தேன், பரிதி பின்னாடி அண்ணியை மடியில போட்டுகிட்டான். பாலத்து முக்குல கார் திரும்புச்சு. "இது வழியில்ல தம்பி, நேரா போ"ன்னேன். "பெரியவரே, காலையிலேருந்து நாலு தடவை இதுலதான் போயிட்டு வந்தேன். அம்மா இருக்கிற நிலைமையைப் பாருங்க"ன்னாரு. கார் மெதுவா ஊருறப்பவே கதவைத் தொறந்து இறங்கிட்டேன். ரெண்டு டிரம்முக்கும் நடுவுல கையை விரிச்சுகிட்டு நின்னேன். ஏத்துறதா இருந்தா என் மேல ஏத்திட்டுப் போன்னேன்.

பரிதி இறங்கி வந்தான். அவன் வாய் அசையுறது தெரிஞ்சுது. மழையில என்ன சொன்னான்னு எனக்குக் காதுல விழல. என் சட்டையைப் புடிச்சான். காலைப் புடிச்சான். நான் நகரல. கண்ணாடி வழியா அண்ணி என்னைப் பாத்துச்சு.

சுத்திப் போனோம். செங்கல் சூளைகிட்ட கரை ரோட்டுல சக்கரம் புதைஞ்சு போச்சு. தள்ளி எடுக்க அம்பது நிமிசம். ஆஸ்பத்திரியில, குழந்தை போயி கொஞ்ச நேரந்தான் ஆகுதுன்னு சொன்னாங்க. இதைப் பரிதி எழுதிக் காட்டினான், செக்கப்பு நோட்டுக்குப் பின்னாடி. அதுதான் அவன் என்கிட்ட கடைசியாச் சொன்னது.

சுடரு, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அந்தக் கார் போயிருந்தா பாலம் தாங்கியிருக்குமா? லாரி ரெண்டு நின்னதைக் கண்ணால பாத்துட்டேன். இருந்தாலும் இது உன் வேலை. நீ சொல்லுறதை நம்புறேன்.

அப்பா

*

தேஜ்பூர்
15.2.2025

அப்பா,

தாங்கியிருக்கும்.

ரெண்டு நாளாக வேறு ஏதாவது எழுத முடியுமா என்று பார்த்தேன். விழுந்திருக்கும் என்றே எழுதிவிடலாம் என்று ஒரு தாளில் எழுதியும் விட்டேன். உங்களுக்கு அது நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நான் சொன்னால் நம்புவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை அப்படி நம்பினீர்கள்.

ஜூலையில் நான் அனுப்பிய ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. பஸ், லாரி, டிராக்டர் கூடாது. கார், ஆட்டோ, ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றாக, நடை வேகத்தில் போகலாம். அதுதான் அதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்து நான் எழுதியது, நான் கையெழுத்துப் போட்டது. அதை அனுப்பிவிட்டு மறுநாள் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அண்ணி மாதாமாதம் அந்த உத்தரத்துக்கு மேலே போய்வருவார் என்று நினைத்ததும் அந்தப் பொடி உதிர்ந்தது ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்கு ஒன்று எழுதினேன், வீட்டுக்கு ஒன்று எழுதினேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் என்று எழுதினது நான்தான் அப்பா.

உங்கள் அக்டோபர் கடிதம் நவம்பர் 9 அன்று கிடைத்தது. பதினேழு நாள் இருந்தது. கார் போகலாம் என்று எழுதினால், அப்போ முன்னே ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பீர்களே என்று கூச்சமாக இருந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று வைத்திருந்தேன். அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். டிக்கெட்டை ரத்து செய்ததற்கும் நீங்கள் வராதே என்று எழுதியது காரணம் இல்லை. நீங்கள் எந்த வழியாகப் போயிருப்பீர்கள் என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

உங்கள் மேல் தப்பு இல்லை. இதை நான் அண்ணனிடம் சொல்லப் போகிறேன். முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

கொட்டகையில் குளிருமே. போர்வை இருக்கிறதா?
சுடர்

*

கீழப்படுகை
26.2.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுறது. போர்வை இருக்கு. அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் இருக்கு. குளிரு ஒண்ணும் தெரியல. நீ அழாதே, அழுதா உனக்குத் தலைவலி வந்துடும்.

சுடரு, எனக்குப் படிக்கத் தெரியும்ல. பாலத்து முனையில நட்டிருக்கிற போர்டை நான் முதல் நாளே நின்னு படிச்சுட்டேன். கனரக வாகனம் செல்லக் கூடாது, இலகுரக வாகனம் மெதுவாகச் செல்லவும்னு தெளிவாத்தான் எழுதியிருக்கு. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வயலுக்குப் போவேன். போர்டு யாரோ எழுதினது. கடுதாசி என் மக எழுதினது. அன்னிக்கு மழையில நின்னப்பவும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. நீ ஒண்ணும் என்னை ஏமாத்தல.

பரிதிகிட்ட சொல்லாதே. இதை நான் கேட்டுக்கறேன். கையெடுத்துக் கும்புடுறேன்னு வெச்சுக்க. அவன் என்கூடப் பேசலன்னா நான் இன்னும் எத்தனை வருசம் இருக்கப் போறேன். உன்கூடவாவது அவன் பேசட்டும். நான் போயிட்டா உனக்கு அவன்தான், அவனுக்கு நீதான். கிழவன் புத்தி கெட்டுப் போயி வழி மறிச்சான்னே அவன் நெனச்சுகிட்டிருக்கட்டும். அப்படி நெனக்கிறது அவனுக்கும் லேசா இருக்கும்.

உன் ஜூலை மாசக் கடுதாசியைக் கிழிச்சு ஆத்துல போட்டுட்டேன்.

பாலத்துக்கு வெளியே இரும்புச் சட்டம் குடுத்துக் கட்டப் போறாங்களாம். சித்திரையில டவுன் பஸ் ஓடும்னு சொல்றாங்க. கோடையில நீ வா. நான் குடை எடுத்துகிட்டு ஸ்டாப்பிங்ல நிக்கிறேன்.

அப்பா

*

கீழப்படுகை
20.3.2025

சுடருக்கு மலர்க்கொடி எழுதுறது. இதுவரைக்கும் உனக்கு நான் கடுதாசி எழுதினதில்ல. மாமாதான் எழுதுவாங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ நல்லா இருப்பேன்னு நெனக்கிறேன். எனக்கு உடம்பு தேறிடுச்சு.

நீ உன் அண்ணனுக்கு எழுதினது போன திங்கக்கிழமை வந்துச்சு. ரிப்போர்ட்டுத் தாளும் உள்ள இருந்துச்சு. கொல்லையில நின்னு படிச்சாரு. படிச்சு முடிச்சும் அங்கயே நின்னாரு. நான் போய் வாங்கிப் படிச்சேன். மாமா சொல்லக் கூடாதுன்னு கேட்டதையும், அதை மீறித்தான் எழுதுறேன்னு நீ சொல்லியிருந்ததையும் படிச்சேன்.

அப்புறம் உன் அண்ணன் வயக்காட்டுக்குப் போனாரு. நானும் பின்னாடியே போனேன். மாமா உலையில அரிசி போட்டுகிட்டிருந்தாங்க. இவரு நேரா கட்டில்கிட்ட போனாரு. கட்டில்ல கெடந்த போர்வையைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுகிட்டு, கட்டிலைத் தலைமேல தூக்கிகிட்டு நடந்தாரு. மாமா எரியுற அடுப்பை விட்டுட்டு, "எங்கடா, எங்கடா எடுத்துட்டுப் போறே?"ன்னு கேட்டுகிட்டே வரப்புல ஓடி வந்தாங்க. வீட்டுல கட்டிலை இறக்கி வெச்சதும்தான் அவங்களுக்குப் புரிஞ்சுது. என்னைப் பாத்து, "அவ எழுதிட்டாளா?"ன்னு கேட்டாங்க. தலையாட்டினேன். அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. கிட்டத்தட்ட நாலு மாசத்துல அன்னிக்குத்தான் அப்பாவும் புள்ளையும் ஒண்ணா சாப்புட்டாங்க. பேச்சு இன்னும் வரல. வந்துடும்.

உனக்கு நேரா சொல்லிடறேன். உன் அண்ணன் உன் போனை எடுக்க மாட்டாரு. எப்ப எடுப்பாருன்னு எனக்குத் தெரியாது, நான் எடுக்கச் சொல்லவும் போறதில்ல. எனக்கே உன்கூடப் பேச முடியல. நீ எங்களுக்குக் கெட்டது நெனச்சு எழுதலன்னு தெரியுது. அது தெரியுறதால எனக்கு ஒண்ணும் குறையல. கோடைக்கு வரச் சொல்லி மாமா உனக்கு எழுதியிருக்காங்களாம். இந்தக் கோடைக்கு வேணாம். வர்றப்ப நானே எழுதுறேன்.

இதை நான் எழுதினதுக்குக் காரணம் வேற. மாமா பொட்டியில இருந்த உன் கடுதாசியெல்லாத்தையும் படிச்சேன். குழந்தையைப் பத்தி அதுல நீ ஒண்ணும் எழுதல. மாமாவும் உனக்குக் குழந்தைன்னு மட்டும்தான் எழுதினதாச் சொன்னாங்க. என்ன குழந்தைன்னு நீ கேக்கவும் இல்ல, யாரும் உனக்குச் சொல்லவும் இல்ல.

பொம்பளப் புள்ள. ரெண்டு கிலோ நூறு கிராம் இருந்தா. தலை நிறைய முடி. நர்சம்மா ஒரு தடவை என் பக்கத்துல படுக்க வெச்சாங்க.

எழில்விழின்னு பேரு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். உன் பேருல பாதி வரணும், உன்னை மாதிரி படிக்கணும்னு நெனச்சேன். உன் அண்ணன்கிட்டகூட சொல்லல. உனக்குத்தான் சொல்றேன்.

மலர்க்கொடி